பெறுநர்

ஆட்சி மாறி இருபத்தாறாம் நாள்.
மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகச் சுவரில்
பழைய படம் கொஞ்சம் பெரிது போல.
புதுப் படத்தைச் சுற்றி
வெயில் படாத சுண்ணாம்பு
நாலு விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை, குறைதீர் நாள்.
டோக்கன் நூற்று நாற்பத்தேழு.
எங்கள் மனுவில் நான் மாற்றியது
பெறுநருக்குக் கீழே ஒரே ஒரு பெயர்.
மற்றதெல்லாம் போன ஆட்சிக்கும்
அதற்கு முந்தைய ஆட்சிக்கும் கொடுத்ததுதான்.
கையெழுத்திலிருந்து தட்டச்சுக்கும்
தட்டச்சிலிருந்து கணினிக்கும்
குடிமாறி வந்த ஒன்பது பத்தி.
'ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் சாதியைக் கழுவவில்லை.
தெரு மாறவில்லை, தொழில் மாறவில்லை,
சான்றிதழ் மட்டும் மாறிவிட்டது, ஐயா.'

'எங்கள்' என்று எழுதும்போதெல்லாம்
பேனா ஒரு நொடி நிற்கும்.
நான் ஊர்த்தெரு.

முன்னூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
ஊர்த்தெருவிலிருந்தே தொண்ணூறு பேர்.
அதில் எங்களுக்கு ஒரு பெருமை.
அமலோற்பவம் சாமி இஸ்திரி போட்ட அங்கியில்.
மடத்து சிஸ்டர் சலேத்
வேதாகமத்தில் வேண்டிய பக்கத்துக்குப்
பேருந்துச் சீட்டைச் செருகி வைத்திருந்தார்.
குழி வெட்டும் எஸ்தாக்கியைச்
சாட்சிக்கு அழைத்து வந்திருந்தோம்.
சாட்சி என்றால், சும்மா நிற்க.

புது அதிகாரி அம்மா
ஒன்பது பத்தியையும் படித்தார்.
இத்தனை வருஷத்தில்
முழுசாய்ப் படித்த முதல் ஆள்.
பாதி ஜெயித்துவிட்டோம் என்று
சிஸ்டர் என் முழங்கையைத் தொட்டார்.

தலை நிமிராமலே அம்மா கேட்டார்:
"உங்க கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல
ஒரு சுவர் இருக்காமே.
அது எந்த கவர்மென்ட் கட்டினது?"

மின்விசிறிக்கு அப்போதுதான் சத்தம் வந்தது.
சாமி, "அது பழைய..." என்று தொடங்கி
தொண்டையைச் செருமினார்.
கேட்காமலே சாட்சி பேசியது:
"நாலரை அடிங்கம்மா.
பெருவெள்ளத்துல சாஞ்சுபோச்சு.
பொறவு வரி போட்டுக் கட்டினாங்க."

வரிக்கு ரசீது எழுதியது நான்.
'சுற்றுச்சுவர் நிதி' என்று எழுதினேன்.
நடுவில் நிற்பதைச்
சுற்று என்று எழுதினேன்.

அம்மா மனுவுக்கு எண் போட்டுக் கொடுத்தார்.
மேலே அனுப்புவதாகச் சொன்னார்.
அனுப்புவார், பொய் சொல்கிற முகம் இல்லை.

திரும்பும் பேருந்தில் யாருக்கும் பேச்சில்லை.
கெடிலம் பாலத்தில் சிஸ்டர் வேர்க்கடலை நீட்டினார்.
எஸ்தாக்கி மட்டும் தன் வேலையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.
மழைக்காலத்தில் மூன்றடிக்கே ஊற்று.
அந்தப் பக்கத்துத் தண்ணி
சுவருக்கு அடியில் இந்தப் பக்கம் வந்து
வெட்டின குழியில் நிற்குமாம்.
"பொட்டி எறக்குறதுக்குள்ள
வாளியில மொண்டு மொண்டு
தோள்பட்டை விட்டுப்போவுது.
அதுக்குத் தனிக்கூலி கேட்டா
பேரவையில தர மாட்றாங்க."

பேரவைச் செயலாளர் நான்தான்.

ராத்திரி வேறொரு மனு எழுதினேன்.
அனுப்புநர்: நான்.
பெறுநர்: செயலாளர், பங்குப் பேரவை.
பொருள்: சுவர்.
பத்தி ஒன்றுதான் வந்தது.
தனிக்கூலியையும் அதிலேயே சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து
வாசல் மேசையில் வைத்தேன்.
தொண்ணூறு பேரும்
செருப்புத் தேடும் மும்முரத்தில் கடந்தார்கள்.
சின்னதுரை என் அப்பா பேரைச் சொல்லி
"அவரும் அங்கதான் படுத்திருக்காரு, ஞாபகமிருக்கா?" என்றான்.
இருக்கிறது. சுவரை ஒட்டி, ஊர்ப்பக்கம், மூன்றாவது.

மொத்தம் பதினொன்று.
சாமியின் கையெழுத்து இன்னும் இல்லை,
ஆயரிடம் கேட்க வேண்டுமாம்.
ஊர்த்தெருவில் என்னைத் தவிர ஒருத்தி,
ராயப்பன் பெண்சாதி பவுலின்.
விளக்கு வைத்த பிறகு கொல்லைப்பக்கமாய் வந்து
நின்றபடியே போட்டுவிட்டுப் போனாள்.
பென்சிலில்.

பேனா நீட்டினேன், வாங்கவில்லை.
தாளை மேசை இழுப்பறையில்
ரப்பர் இல்லாத பக்கம் வைத்திருக்கிறேன்.